தேசிய விடுமுறை நாளில் 180 கி.மீ. தொடரோட்டம்: ஒன்பது பேர், இரண்டு வேன். எதை மறந்திருக்கிறோம்?

#1 நெடுவழி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஓட்டக் குழுவில் ஒன்பது பேர். ஒருவருக்கு ஞாயிறு வேலை, ஒருவருக்கு இரவு ஷிஃப்ட், ஒருவருக்கு சனிக்கிழமைகூட விடுப்பு இல்லை. ஒன்பது பேரும் ஒரே நாளில் சும்மா இருப்பது தேசிய விடுமுறை அன்று மட்டும்தான். அந்த நாளை இந்த வருடம் ஓட்டத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

முந்தின நாள் மாலை 5 மணிக்குக் கிளம்பி, இரவு முழுக்க மாறி மாறி ஓடி, விடுமுறை நாள் மதியம் 180 கி.மீ. தள்ளிப் போய்ச் சேர வேண்டும். இது பந்தயம் இல்லை, பதக்கமும் இல்லை. பாதை நாங்களே போட்டது.

மொத்தம் 27 கட்டம், ஆளுக்கு மூன்று. ஒரு கட்டம் சராசரியாக 6.7 கி.மீ., அப்படியென்றால் ஒருவர் ஓடுவது 20 கி.மீ. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று போட்டால் பத்தொன்பதரை மணி நேரம். மதியம் 12:30க்கு முடிந்துவிடும். முதல் வேனில் ஐந்து பேர், இரண்டாவதில் நான்கு பேர். ஓடாத நேரத்தில் நாங்களே மாறி மாறி வண்டி ஓட்டிக்கொள்வோம். எட்டு பேர் அரை மாரத்தான் ஓடியவர்கள். ஒருவர் இப்போதுதான் 10 கி.மீ. முடித்திருக்கிறார்.

இரவோடு இரவாக ஓடிய அனுபவம் எங்களில் யாருக்கும் இல்லை. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

#2 காலைப்பனி

தம்பி, முதலில் மணிக்கணக்கு. ஆறரை நிமிடம் என்பது காலையில் எழுந்து, சாப்பிட்டது செரித்து, கால் லேசாக இருக்கும்போது ஓடுகிற வேகம். இரண்டாவது கட்டம் நடுராத்திரியில் வரும். மூன்றாவது கட்டத்துக்கு வேனிலிருந்து இறங்கும்போது தொடை கட்டையாகியிருக்கும். முதல் ஒரு கிலோமீட்டர் ஓட்டமாகவே இருக்காது. ஏழு நிமிடம் போடுங்கள். 180 கி.மீ.க்கு 21 மணி நேரம். அதோடு 26 கைமாற்று. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் போனால்கூட அரை மணி நேரம் சேரும். மதியம் இரண்டரைக்குத்தான் முடிப்பீர்கள். இருபது மணி நேரம் சரியாகத் தூங்காத ஆட்களை உச்சி வெயிலில் ஓடவிடுவீர்களா? தூரத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் சீக்கிரம் கிளம்புங்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் செய்யுங்கள்.

அடுத்தது வேன். எல்லாரும் கூடவே ஊர்ந்து வர வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வேனின் ஐந்து பேரும் தங்கள் ஐந்து கட்டத்தையும் வரிசையாக ஓடட்டும். இரண்டாவது வேன் நேராக ஆறாவது கட்டம் தொடங்கும் இடத்துக்குப் போய் நிற்கட்டும். முதல் வேன் வந்து சேர ஏறத்தாழ மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். சாப்பிட, உடை மாற்ற, வயிற்றை ஆற்ற ஒரு மணி நேரம் போனாலும் இரண்டு மணி நேரம் தூங்கலாம். இதைச் செய்யாத குழுக்கள்தான் விடியற்காலையில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். நான் நான்கு முறை ஓடியிருக்கிறேன். அதில் இரண்டு முறை இதைச் செய்யாமல் ஓடினோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

#3 சக்கரம்

தம்பி, நான் ஓடுறவன் இல்லை. ஓடுறவங்களுக்கு மூணு தடவை வேன் ஓட்டியிருக்கேன். நீங்க எழுதினதுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஒரே ஒரு வரிதான்: "நாங்களே மாறி மாறி வண்டி ஓட்டிக்கொள்வோம்."

வேண்டாம்.

ரெண்டாவது தடவை நான் ஓட்டினப்போ, என் கூட இன்னொரு வேன். அதை ஓட்டினவரு ரெண்டு கட்டம் ஓடி முடிச்சவரு. விடியற்காலை நாலு மணி இருக்கும். அந்த வண்டி மெதுவா தார் ரோட்டை விட்டு மண்ணுக்கு இறங்குது, எனக்குப் பின்னால இருந்து கண்ணாடியில தெரியுது. ஹாரன் அடிச்சேன். அவரு முழிச்சு திருப்பிட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அந்த வண்டிக்கு இருபது அடி முன்னால எங்க ஆள் ஓடிட்டிருந்தாரு. இன்னைக்கும் அது கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஓடாத ரெண்டு டிரைவரைத் தேடுங்க. அவங்க அன்னைக்குப் பகல்ல கட்டாயம் தூங்கியிருக்கணும். அவங்களும் தங்களோட விடுமுறையைத்தான் உங்களுக்குத் தர்றாங்க, அதை மனசுல வெச்சுக் கேளுங்க. ஆள் கிடைக்கலைன்னா இந்த ஓட்டமே வேண்டாம். பகல்ல 60 கிலோமீட்டர் ஓடுங்க, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.

#4 மருந்துப்பெட்டி

சக்கரம் அண்ணா சொன்னதற்கு ஆதாரம் சேர்க்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 1997இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் அதுதான் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை. காலை 6 மணிக்கு எழுந்து வேலைக்குப் போய், மாலை ஓடத் தொடங்குகிறவர் இரவு 11 மணிக்கே அந்த நிலையை எட்டிவிடுவார். அதன் பிறகும் உங்கள் திட்டத்தில் பதின்மூன்றரை மணி நேரம் பாக்கி இருக்கிறது.

தூங்கி எழுந்தவுடன் ஓடக் கிளம்ப வேண்டாம். மூளை முழுதாக விழிக்க அரை மணி நேரமாவது தேவை. தன் முறைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, நடக்கவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். வியர்வையில் போன உப்பை ஈடு செய்யாமல் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் அதிகம் குடித்து, ஓடும்போதே எடை கூடியவர்கள் நிறைய. தாகத்துக்குக் குடியுங்கள், கட்டங்களுக்கு இடையே ஓஆர்எஸ் அல்லது உப்புள்ள உணவு. தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு மூன்றும் சேர்ந்து வந்தால் இன்னும் தண்ணீர் கொடுக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

கால் வலிக்கு ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நீரிழப்போடு அந்த மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். தேய்க்க வாசலின் எடுத்து வையுங்கள். மூன்று முறை ஓட மூன்று ஜோடி காலுறை. ஈரக் காலுறையோடு மறுபடி ஓடினால் கொப்புளம் எளிதில் வரும்.

#5 தனிவழி

யாரும் தொடாத ஒன்றை நான் சொல்கிறேன். கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேசிய விடுமுறை என்பது அலுவலகம் மூடியிருக்கும் நாள் மட்டும் இல்லை. ஏதோ ஒன்றை நினைத்துப் பார்ப்பதற்காகத்தான் ஒரு நாடு அந்த நாளை ஒதுக்கி வைத்திருக்கிறது. அன்றைக்கு அணிவகுப்பு இருக்கும், கூட்டம் இருக்கும், காவலர்கள் முழுக்க அந்த வேலையில் இருப்பார்கள். மருத்துவமனையிலும் குறைந்த ஆட்கள். அந்த நேரத்தில் ஒன்பது பேர் சாலையில் இறங்கி ஓடி, ஒருவருக்கு ஏதாவது ஆனால் அந்தச் சுமையை யார் தலையில் வைக்கிறோம்? நானும் ஓடுகிறவன்தான். என் இரண்டு பிள்ளைகளுக்கு என் முழு நாள் கிடைப்பது வருடத்தில் பத்து தடவை இருக்கும். அதில் ஒன்றை நான் ஓட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்பது வீட்டிலும் கேட்டீர்களா?

#6 ஏழாம்மைல்

தனிவழி எழுப்பிய கேள்வி ஏற்கெனவே ஒரு நாட்டில் பெரிய அளவில் எழுந்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கி.மீ. ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டம், 1921இல் முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாகத் தொடங்கியது. முதல் முறை 34 பேர் கிளம்பி 16 பேர் முடித்தார்கள். பல ஆண்டுகள் அது மே 31, குடியரசு நாள் விடுமுறையில்தான் நடந்தது. இனவெறி ஆட்சி முடிந்து அந்த விடுமுறை நீக்கப்பட்டபோது, 1995இல் ஓட்டத்தை ஜூன் 16க்கு மாற்றினார்கள். அது இளைஞர் நாள். 1976இல் சொவேட்டோவில் சுடப்பட்ட மாணவர்களை நினைக்கும் நாள். ஓட்டம் அந்த நாளின் பொருளை மறைக்கிறது என்று எதிர்ப்பு வந்து, 2007இல் தேதியை மாற்றினார்கள். ஆகவே இது வெறும் உணர்ச்சிவசப்பட்ட கேள்வி இல்லை. எந்த விடுமுறை, எதற்கான விடுமுறை என்பது முக்கியம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் ஜனவரி 1 தேசிய விடுமுறை. அன்று காலை நிறுவனங்களின் அணிகள் குன்மா மாகாணத்தில் 100 கி.மீ. தொடரோட்டம் ஓடுகின்றன. அடுத்த இரண்டு நாளும் ஹக்கோனே எகிடென் என்ற தொடரோட்டம்: தோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலையேரிக்குப் போய்த் திரும்பும் 217 கி.மீ., பத்துப் பேர், பல்கலைக்கழக அணிகள். வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கே தொடரோட்டம்தான் புத்தாண்டு விடுமுறை.

கையில் கோல் கொடுப்பதில்லை. தோளிலிருந்து குறுக்காக அணியும் தசுக்கி என்ற துணிப் பட்டையைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். முன்னணி அணிக்குக் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் பின்தங்கிவிட்டால், அடுத்த ஓட்டக்காரரைக் காக்கவைக்காமல் வேறொரு பட்டையோடு கிளப்பிவிடுவார்கள். வந்துகொண்டிருப்பவர் சில நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே அது நடக்கலாம். மூச்சிரைக்க ஓடி வந்து, தோளில் பட்டையோடு, கொடுக்க ஆள் இல்லாமல் நிற்பார். தோற்பதை விட அது வலிக்கும் என்பது பார்த்தாலே தெரியும்.

ஹக்கோனே 1920இல் தொடங்கியபோது நான்கு அணிகள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஷிசோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயிலில் சுருண்டு விழுந்து, நிர்வாகிகளிடம் சொல்லாமலே ஊர் திரும்பியவர். 1967இல் அவரை மறுபடி அழைத்து அந்த ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். பதிவான நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. நெடுவழி, உங்கள் திட்டத்தில் 12:30 மணி வெயிலைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர்தான்.

#7 புதுக்கால்

நெடுவழி அண்ணா சொன்ன அந்த ஒருவர் நான்தான். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் வேகம் கிலோமீட்டருக்கு 8:50. மற்ற எல்லாரும் ஏழுக்குள் ஓடுகிறவர்கள். ஏழாம்மைல் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ஏனென்றால் இருட்டில் ஒருவர் பட்டைக்காகக் காத்து நிற்க, நான் வராமலே இருக்கிற காட்சிதான் எனக்கு வருகிறது. நான் விலகிக்கொண்டால் எட்டுப் பேருக்கு மூன்று கட்டமும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். விலகுவதுதான் நியாயமா? உண்மையாகச் சொல்லுங்கள்.

#8 காலைப்பனி

உண்மையாகவே சொல்கிறேன். விலகாதே.

கணக்கைப் பார். மூன்று கட்டத்தையும் உனக்குச் சிறியதாக வைத்தால், 5, 4, 4 என்று மொத்தம் 13 கி.மீ. குழுவின் சராசரியை விட நீ கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் அதிகம் எடுப்பாய். 26 நிமிடம். நான் சொன்னபடி தூரத்தைக் குறைத்துச் சீக்கிரம் கிளம்பினால் பதினேழு, பதினெட்டு மணி நேர ஓட்டம், அதில் 26 நிமிடம்! ஒரு தவறான திருப்பத்தில் அதைவிட அதிகம் போகும். வேகமாக ஓடுகிற ஒருவர் முதல் கட்டத்தில் உற்சாகத்தில் பறந்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் நடந்தார் என்றால் அதைவிட அதிகம் போகும், அது எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

நீ ஜப்பானியப் பல்கலைக்கழக அணியில் ஓடவில்லை. உனக்காக நிற்கிறவர் எவ்வளவு நேரமானாலும் நிற்பார். என் முதல் ஓட்டத்தில் நான்தான் கடைசி வேகம். மறுபக்கம் நின்றவர் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, நான் தெரிந்தவுடன் அதைக் கீழே போட்டுவிட்டு கையை நீட்டினார். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

நெடுவழி, இவளை இரண்டாவது ஆளாகப் போடுங்கள். இரண்டாவது ஆளின் மூன்றாம் கட்டம் விடியும் நேரத்துக்கு விழும்.

#9 சக்கரம்

இருட்டுல ஓடுறதைப் பத்தி யாரும் எழுதலை, அதனால நானே சொல்றேன். எதிரே வர்ற வண்டியைப் பார்த்த மாதிரி ஓடணும், அதாவது போக்குவரத்துக்கு எதிர்ப்பக்கம். தலையில வெள்ளை விளக்கு, முதுகுல சிவப்பு மினுக்கு. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் மட்டும் போதாது, கணுக்கால்லயும் பட்டை கட்டுங்க. மேல்சட்டை மட்டும் மின்னினா தூரத்துல அது ஏதோ பலகைன்னு நினைச்சுடுவோம். கால் ஏறி இறங்கறது தெரிஞ்சாத்தான் "அங்க ஆளு ஓடுறாரு"ன்னு டிரைவர் மூளைக்கு உடனே உறைக்கும். காதுல பாட்டு வேண்டாம்.

வேனை கைமாற்று இடத்துக்கு முன்னால நிறுத்தாதீங்க, தாண்டி நிறுத்துங்க, ரோட்டை விட்டு முழுசா இறக்கி. ஓடி வர்றவர் களைப்புல வேனைப் பார்த்ததும் ரோட்டைக் குறுக்கே கடப்பாரு. எந்தப் பக்கம் ஓடி வர்றாரோ அதே பக்கம் அடுத்தவர் நிக்கணும்.

#10 நெடுவழி

எல்லாவற்றையும் குழுவோடு உட்கார்ந்து படித்தோம். மாற்றியது இவை.

தூரம் 180 இல்லை, 150. கிளம்புவது மாலை 4 மணி. அதற்காக எல்லாரும் அரை நாள் விடுப்பு போட்டாயிற்று. கைமாற்றுகளையும் சேர்த்துப் பதினேழரை மணி நேரம் என்று வைத்து, காலை ஒன்பதரைக்கு முடிப்பதாகக் கணக்கு. ஓடாத இரண்டு ஓட்டுநர்கள் கிடைத்துவிட்டார்கள்: ஒருவர் என் மைத்துனர், இன்னொருவர் சக்கரம் அண்ணா. தனிச் செய்தி அனுப்பிக் கேட்டேன், யோசிக்காமல் சரி என்றார். நன்றி அண்ணா.

தனிவழி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒன்பது வீட்டில் இரண்டு வீட்டில் நாங்கள் கேட்கவே இல்லை, சொல்ல மட்டும் செய்திருந்தோம். போய்க் கேட்டோம். ஒரு வீட்டில் வருத்தம் இருந்தது, அதனால் கடைசி 20 கி.மீ. பாதையைக் குடும்பங்கள் வந்து நிற்கக்கூடிய மாதிரி ஊருக்குள் திருப்பியிருக்கிறோம். அணிவகுப்பு நடக்கும் சாலையைத் தவிர்த்துவிட்டோம். பாதையும் நேரமும் எழுதிக் காவல் நிலையங்களில் கொடுத்தாயிற்று. நான்கு பேர் முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள்.

தைத்த துணிப் பட்டை ஒன்றும் தயாராக இருக்கிறது.

#11 தனிவழி

நான் ஓட வரமாட்டேன். அந்தக் கடைசி 20 கிலோமீட்டர் எந்த வழி என்று அனுப்புங்கள், பிள்ளைகளோடு வந்து நிற்கிறேன்.

#12 நெடுவழி

முடித்துவிட்டோம். 18 மணி 20 நிமிடம். காலை 10:20. ஒன்பது பேரும் நலம். ஒருவருக்குக் கணுக்கால் லேசாகப் பிசகி, அவருடைய மூன்றாவது கட்டத்தை வேறு இருவர் பகிர்ந்துகொண்டார்கள்.

50 நிமிடத் தாமதத்துக்குப் பெரிய காரணம் ஒன்றுதான், அது என் தவறு. பதினான்காவது கட்டம் என்னுடையது. இரவு ஒன்றரை மணிக்கு ஓடி வந்து கைமாற்று இடத்தில் நின்றால் அங்கே யாரும் இல்லை. வரைபடத்தில் புள்ளியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தேன், ஓடுகிறவர்களுக்குக் கொடுத்த தாளில் இந்தப் பக்கம் எழுதியிருந்தேன். கைபேசியில் சிக்னல் இல்லை. இரண்டாவது வேன் 600 மீட்டர் தள்ளி, சரியான இடத்தில்தான் நிற்பதாக நினைத்துக் காத்திருந்தது. பதினோரு நிமிடம் நின்றேன். பின்னால் வந்த முதல் வேன் கண்டுபிடித்துச் சேர்த்து வைப்பதற்குள் இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது.

அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. புதுக்கால் பயந்தது எதை என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பட்டை நனைந்து கனமாக இருந்தது. அதை வாங்க ஓர் ஆள் வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இனிமேல் பாதை போடுகிறவர்களுக்கு: ஒவ்வொரு கைமாற்று இடத்தையும் முன்கூட்டியே நேரில் போய், இரவில், அதே திசையிலிருந்து பார்த்துவிடுங்கள். வரைபடமும் தாளும் ஒரே ஆள் எழுதினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

#13 சக்கரம்

நான்தான் ரெண்டாவது வேன்ல இருந்தேன். பத்து நிமிஷம் தாண்டினதும் இறங்கி நடந்து பார்த்திருக்கணும், உட்கார்ந்தே இருந்துட்டேன். என் பங்கும் அதுல இருக்கு. அடுத்த தடவை ஐந்து நிமிஷம்தான், அதுக்கு மேல ஒருத்தர் டார்ச்சோட பின்னால நடந்துடணும்னு வெச்சுக்குவோம்.

பகல்ல ஆறு மணி நேரம் தூங்கிட்டு வந்தேன். ராத்திரி கண்ணு ஒரு தடவை கூட சொருகலை.

#14 புதுக்கால்

என் மூன்றாவது கட்டம் ஐந்து மணிக்கு முன்னால் தொடங்கியது. முதல் கிலோமீட்டரில் காலைப்பனி அக்கா சொன்னது போலவே தொடை மரமாக இருந்தது. இரண்டாவதில் இளகிவிட்டது. தலைவிளக்கை எப்போது அணைத்தேன் என்று நினைவில்லை, பாதை தானாகவே தெரிய ஆரம்பித்திருந்தது. நான்கு கி.மீ., 33 நிமிடம். எனக்கு வழக்கமாக ஆகும் நேரத்தை விடக் கொஞ்சம் குறைவு.

கடைசிக் கைமாற்றில் தனிவழி அண்ணாவின் பிள்ளைகள் தண்ணீர் வாளியோடு நின்றார்கள், எல்லார் கையிலும் ஸ்பாஞ்சு கொடுத்தார்கள். பட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை முதல் கட்டம் யாருக்கு என்று முடிவானதும் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.